பெங்களூருக்கு நீர் தந்த திவான்

கப்பன் பூங்காவின் நடுவே செந்நிறக் கட்டடம் ஒன்று இருக்கிறது. மாநில மைய நூல்நிலையம் அங்கேதான் உள்ளது. நம் சங்கத்து நண்பர்களில் பலர் தேர்வு நெருங்கும் நாள்களில் அங்கே சென்று படிப்பதுண்டு. கட்டடத்தின் முன்னால் தலைப்பாகை அணிந்த பெரியவர் ஒருவரின் சிலை நிற்கிறது. அச்சிலை யாருடையது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். ஈராண்டுகளுக்கும் மேலாக அச்சிலையைக் கடந்து சென்ற நானும் அவ்வாறு விழித்தவன்தான். அவர் வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டியது என் அறிவு வேட்கை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவன்று. நான் செய்த ஒரு தவறே என்னை அவரிடம் கொண்டு சேர்த்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆனேக்கல்லைச் சேர்ந்தவன். பெங்களூருக்குத் தெற்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர்த் தொலைவில் உள்ள ஊர் அது. ஓசூர் அதற்கு அண்மையில் இருக்கிறது. ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒலிக்கும். கரக விழாவின்போது எல்லாரும் ஒரு குடும்பம். தண்ணீர் வராத நாளிலும் எல்லாரும் ஒரு குடும்பம். 2022ஆம் ஆண்டில் எங்கள் தெருவின் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் கருகிவிட்டது. பழுது பார்க்கப் பல நாள் ஆயிற்று. பெண்களும் முதியோரும் குடங்களோடு அலைந்தனர். அப்பொழுது நான் கட்டடப் பொறியியல் முதலாண்டு மாணவன். தெருக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குச் சொன்னேன். ஒரு கிணறு பத்து நாளில் ஒரு நாள் தவறும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கிணறுகள் இருந்தால் இரண்டும் சேர்ந்து தவறுவது நூறு நாளில் ஒரு நாள்தான் என்றேன். பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றால் பெருக்கிக் காட்டினேன். படிக்கிற பிள்ளை சொல்கிறான் என்று வீட்டுக்கு வீடு பணம் போட்டார்கள். இரண்டாம் கிணறு தோண்டினார்கள். தண்ணீரும் வந்தது. நானும் தலை நிமிர்ந்து நடந்தேன்.

2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இரண்டு கிணறுகளும் ஒரே வாரத்தில் வறண்டன. முந்தைய ஆண்டின் பருவமழை பொய்த்திருந்தது. தண்ணீர் லாரிக்குச் சொல்லி அனுப்பினோம். அந்த லாரியும் பக்கத்து ஊர்களின் ஆழ்குழாய்க் கிணறுகளில்தான் நீர் பிடித்து வந்தது, அவையும் வற்றிக்கொண்டிருந்தன. தெருவில் யாரும் என்னைக் குறை கூறவில்லை. மூலை வீட்டுப் பெரியவர் மட்டும் இரண்டு கிணறுகளும் ஒரே பாறையில்தானே தோண்டப்பட்டன என்று மெல்லக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என் பாடப் புத்தகத்தில் விடை இருந்திருக்கிறது. நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருந்தேன். என் பெருக்கற் கணக்கு, ஒன்றின் வீழ்ச்சிக்கும் மற்றொன்றின் வீழ்ச்சிக்கும் தொடர்பு இல்லாத இடத்தில்தான் செல்லும். ஒரே பாறையில் ஊறும் நீரை இரண்டு துளைகளால் உறிஞ்சினால், பெயரளவில் இரண்டு கிணறு, உண்மையில் ஒன்றே.

என் ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். பெங்களூர் நகரின் குடிநீர் வரலாற்றைப் போய்ப் படி என்று அவர் அனுப்பினார். செந்நிறக் கட்டடத்துக்குச் சென்றேன். அங்கேதான் அறிந்தேன், வாயிலில் நிற்பவரே அவ்வரலாற்றின் முதல் மனிதர் என்று. அவர் மைசூர்த் திவான் சர் கு. சேஷாத்திரி ஐயர்.

சேஷாத்திரி ஐயர் 1845ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பாலக்காட்டுப் பகுதியில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் கோழிக்கோட்டில் வழக்கறிஞர். மைந்தர் கோழிக்கோட்டில் படித்து, பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1868இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்த ஆண்டே மைசூர் அரசுப் பணியில் நுழைந்தார். அவரை அங்கே அழைத்தவர் சி. ரங்காசார்லு என்னும் மற்றொரு தமிழர். பணியில் இருந்தபடியே படித்து 1874இல் சட்டப் பட்டமும் பெற்றார். அக்காலத்தில் மைசூர் ஆங்கில ஆணையர் ஆட்சியில் இருந்தது. இளம் அலுவலராகிய அவர் நீதித் துறையிலும் மாவட்ட ஆட்சியிலும் மாறி மாறிப் பணியாற்றி நாட்டை நன்கு அறிந்தார்.

அவர் பணியில் சேர்ந்து எட்டு ஆண்டுகள் கழித்து வந்தது பெரும் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டிமார் கதைகளில் கேட்டிருப்போம். மைசூர் நாட்டில் 1871இல் ஐம்பது இலட்சமாக இருந்த மக்கள் தொகை 1881இல் நாற்பத்திரண்டு இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஏரிகளை நம்பிய நாடு அது. ஒரு மழை பொய்த்தால் ஏரி தாங்கும். அடுத்தடுத்து மழை பொய்த்தபோது ஏரியும் தாங்கவில்லை. தானியத்தை வெளியிலிருந்து கொண்டு வரப் போதிய இருப்புப் பாதையும் இல்லை. இக்கொடுமை நிகழ்ந்தபோது அந்நாட்டின் அலுவலராக இருந்தவர் மனத்தில் அது பதியாமல் இருந்திருக்குமா? அவர் பிற்காலத்தில் செய்தவை யாவும் அந்தப் பஞ்சத்துக்கு எழுதிய விடைகளாகவே எனக்குத் தோன்றுகின்றன.

1881இல் ஆங்கிலேயர் மைசூரை மீண்டும் அரசர் சாமராசேந்திர உடையாரிடம் ஒப்படைத்தனர். ரங்காசார்லு திவானானார், ஆனால் 1883இன் தொடக்கத்தில் மறைந்தார். அவருக்குப் பின் சேஷாத்திரி ஐயர் திவானானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. 1901 வரை பதினெட்டு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். கடன்பட்டிருந்த அரசைக் கையில் ஏற்று, மிகுதிப் பணமுள்ள அரசாக விட்டுச் சென்றார். இருப்புப் பாதைகளை நீட்டினார். பாசன வேலைகளுக்கு ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் செலவிட்டார். 1894இல் நிலவியல் துறையைத் தோற்றுவித்தார். கோலார்த் தங்கவயல் அவர் காலத்தில் வளர்ந்து அரசுக்கு வருவாய் தந்தது.

அவர்மேல் குறை கூறினோரும் உண்டு. உயர்ந்த பதவிகளில் சென்னை மாகாணத்தவரை மிகுதியாக அமர்த்துகிறார் என்றும், மைசூர் மக்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றும் அந்நாட்டார் மனம் புழுங்கினர். அந்தக் குறையில் நியாயம் இல்லை என்று நாம் தமிழர் என்பதற்காகச் சொல்லிவிடக் கூடாது. பெரியோரின் வரலாற்றைப் படிக்கும்போது நிழலையும் சேர்த்துப் படிப்பதே முறை.

இனிக் குடிநீருக்கு வருவோம். அன்றைய பெங்களூர் இரண்டு ஊராக இருந்தது. பேட்டையைச் சுற்றிய நகரம் மைசூர் அரசுக்கு உரியது. தண்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. தண்டில் நம் தமிழ் மக்கள் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். 1891இல் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு இலட்சத்து எண்பதாயிரம் மக்கள் இருந்தார்கள். அவர்கள் குடித்தது தர்மாம்புதி, சம்பங்கி, அலசூர் போன்ற ஏரிகளின் நீரையும் கிணற்று நீரையும்தான். 1882இல் கட்டப்பட்ட சாங்கி ஏரியும் தண்டின் தாகத்தைத் தீர்க்கவில்லை. ஏரிகள் ஊருக்குள்ளேயே இருந்தமையால் ஊர்க் கழிவு அவற்றில் கலந்தது. மழை குறைந்த ஆண்டில் நீர் குறைந்தது. குறைந்த நீர் மேலும் அழுக்காயிற்று.

சேஷாத்திரி ஐயர் ஊருக்கு வெளியே நீர் தேடச் செய்தார். நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர்த் தொலைவில், அர்க்காவதி ஆற்றில், ஹெசரகட்டாவில் நீர்த்தேக்கம் அமைந்தது. அங்கிருந்து நீர் தானே ஓடி சோலதேவனஹள்ளிக்கு வந்தது. அங்கே நீராவி இயந்திரங்கள் அதை மேட்டுக்கு ஏற்றின. மேட்டிலிருந்து குழாய் வழியாக நகருக்கு இறங்கியது. 1896இல் தண்ணீர் ஊருக்குள் ஓடியது. அரசர் பெயரால் சாமராசேந்திர நீர்நிலையம் என்று அதற்குப் பெயரிட்டனர். நகரம், தண்டு இரண்டுக்கும் அதுவே நீர் ஊட்டியது. தெருக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்னும் புதுமையைப் பெங்களூர் மக்கள் அன்றுதான் கண்டனர்.

பொறியியல் மாணவன் கண்ணோடு இதைப் பார்க்கிறேன். ஆறு, தேக்கம், கால்வாய், நீராவி இயந்திரம், மேட்டுத் தொட்டி, தெருக் குழாய் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை அது. மாலையில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழு மாலையும் அறுந்ததுதான். நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள் தவறாமல் ஓடும் இயந்திரம் நல்ல இயந்திரம் என்போம். அத்தகைய மூன்றை வரிசையாகக் கோத்தால், மூன்றும் சேர்ந்து ஓடுவது தொண்ணூற்றேழு நாள்தான். ஆண்டில் ஏறக்குறைய பதினொரு நாள் வாய் வறளும். ஆகவே இயந்திரத்துக்கு மாற்று இயந்திரம் வைக்கிறோம். குழாயைக் கிளையாக விடாமல் வளையமாக இணைக்கிறோம். ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கமாக நீர் வரும். இவையெல்லாம் மனிதன் கையில் உள்ளவை. ஆனால் மாலையின் முதற் கண்ணியாகிய ஆறு மனிதன் கையில் இல்லை.

அதை 1925ஆம் ஆண்டு காட்டியது. மழை தவறி ஹெசரகட்டா ஏரி வறண்டது. இயந்திரங்கள் நன்றாக இருந்தன. குழாய்கள் நன்றாக இருந்தன. இறைப்பதற்கு நீர்தான் இல்லை. முப்பது ஆண்டுகள் நம்பிய குழாய் காற்றை உமிழ்ந்தது. புதிய ஏற்பாடாக 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் எழுந்தது. எங்கே எழுந்தது தெரியுமா? அதே அர்க்காவதியில், குமுதவதி வந்து கூடும் இடத்தில்! பரப்புப் பெரிது; கொள்ளளவும் பெரிது. அதனால் நகரம் பல ஆண்டுகள் பிழைத்தது. அதை மறுக்க முடியாது. ஆயினும் ஹெசரகட்டாவுக்கு மழை தரும் அதே வானமே இதற்கும் மழை தருகிறது. பிற்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின, தைலமரத் தோப்புகள் பரந்தன, ஓடைகள் மறைந்தன. மழை பெய்த ஆண்டிலும் ஆற்றில் நீர் வரவில்லை. இரண்டு தேக்கங்களும் ஒன்றாகவே இளைத்தன. இதைப் படித்தபோது எங்கள் தெருவின் இரண்டு கிணறுகளும் என் கண்முன் வந்து நின்றன. பெரிய பெரிய பொறியாளர்கள் நடந்த வழியில்தான் நானும் இடறி விழுந்திருக்கிறேன் என்று ஓர் ஆறுதல். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, எனக்கோ சிந்திக்க நேரம் இருந்தது என்று உடனே ஒரு வெட்கம்.

அவர்களுக்கு வேறு வழி இல்லை என்று ஏன் சொல்கிறேன்? அர்க்காவதியை நம்பாத நீர் வேண்டுமானால் காவிரிக்குப் போக வேண்டும். காவிரி குடகு மலையின் மழையில் பிறப்பவள். பெங்களூர் வானம் பொய்த்தாலும் குடகு வானம் பொய்க்காமல் இருக்கலாம். ஆனால் காவிரி நூறு கிலோமீட்டர்த் தொலைவில், நகரத்தைவிட ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர்த் தாழ்வில் ஓடுகிறாள். நீராவி இயந்திரங்களைக் கொண்டு ஒரு நகரத்துக்கு வேண்டிய நீரை அத்தனை உயரம் ஏற்றுவது 1890களில் எண்ணிப் பார்க்கவும் இயலாத செலவு.

இங்கேதான் சேஷாத்திரி ஐயரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. தம் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் அவர் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை மேற்கொண்டார். அந்நாளில் இந்தியாவில் அது துணிவான முயற்சி. பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் அதை வகுத்தார். மின்சாரத்தை வாங்கக் கோலார்த் தங்கச் சுரங்கக் கம்பெனிகள் உடன்பட்டன. 1902 ஜூன் திங்களில், ஏறக்குறைய 147 கிலோமீட்டர் நீளக் கம்பியில் மின்சாரம் கோலாரை எட்டியது. உலகின் மிக நீண்ட மின்கம்பிகளில் ஒன்றாக அது அன்று விளங்கியது. 1905இல் பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது. அதைக் காண அவர் இல்லை. உடல்நலம் குன்றி 1901 மார்ச்சில் பதவியை விட்டவர், அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் நாள் இயற்கை எய்தினார்.

கோடையில் காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலியும் அல்லவா? தங்கச் சுரங்கத்துக்குக் கொடுத்த வாக்கைக் காக்க ஆண்டு முழுதும் ஒழுங்கான நீரோட்டம் வேண்டியிருந்தது. கண்ணம்பாடியில் அணை கட்ட 1911இல் மைசூர் அரசு தொடங்கியதற்கு அதுவும் ஒரு முதற்காரணம். விசுவேசுவரையரின் பெயரோடு நாம் அறிந்த கிருஷ்ணராச சாகரம் அதுவே. காலம் சென்றது. மின்சாரம் பெருகியது. மின்சாரத்தால் இயங்கும் பெரிய இறைப்பிகள் வந்தன. 1974இல் காவிரி நீர் பெங்களூருக்குக் குழாயில் ஏறி வந்தது. காவிரி 1905இல் ஒளியாக வந்தாள். அறுபத்தொன்பது ஆண்டு கழித்து நீராக வந்தாள். முதல் வருகைக்கு வழி செய்தவரே இரண்டாம் வருகைக்கும், தாம் அறியாமலே, அடிகோலினார்.

அத்துடன் கவலை தீர்ந்ததா என்றால், இல்லை. தொரெகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்னும் மூன்று நிலையங்களில் நீரை ஏற்றி ஏற்றித்தான் நகருக்குக் கொண்டு வருகிறார்கள். நான் மேலே சொன்ன மாலைக் கணக்கு இங்கும் பொருந்தும். மின்சாரம் ஒரு நிலையத்தில் நின்றாலும் நகரம் அதை உணரும். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டமும் தொடங்கப்பட்டது. இத்தனைக்கும் பின் நகரத்தின் பெரும் பகுதி ஒரே ஆற்றை நம்புகிறது. அந்த ஆற்றை நம்பித் தஞ்சையிலும் திருச்சியிலும் நம் உழவர்களும் காத்திருக்கிறார்கள். ஆகவே இது பொறியியற் கணக்கோடு முடியும் செய்தியன்று.

அவர் தொடங்கிய இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். சித்திரதுர்க்கப் பகுதியில் வேதவதி ஆற்றின் குறுக்கே மாரிகணிவே அணையை 1897இல் கட்டத் தொடங்கினார்கள். வாணி விலாச சாகரம் என்பது அதன் பெயர். 1907இல் கட்டி முடித்தார்கள். அது நிரம்பி வழிந்தது 1933இல். மறுபடி வழிந்தது எப்போது? 2022இல்! எண்பத்தொன்பது ஆண்டு இடைவெளி. அந்த அணையைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? வழியாத ஆண்டுகளிலும் அது வறண்ட நாட்டுக்கு நீர் தந்துகொண்டுதான் இருந்தது. நிரம்பும் ஆண்டை நம்பிக் கணக்குப் போட்டவன் ஏமாந்திருப்பான். நிரம்பாத ஆண்டிலும் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டவன் ஏமாந்திருக்க மாட்டான். நீர்நிலையின் நம்பகத்தை நல்ல ஆண்டைக் கொண்டு அளக்கக் கூடாது என்பதை எனக்கு எந்த நூலையும்விட இந்த அணை தெளிவாகக் கற்பித்தது.

நண்பர்களே! சேஷாத்திரி ஐயர் வருங்காலத்தை அறிந்தவர் அல்லர். அர்க்காவதி வறளும் என்று அவர் காணவில்லை. 1898இல் பெங்களூரில் கொள்ளை நோய் புகுந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, புதிய குழாய்த் தண்ணீர் அதைத் தடுக்கவும் இல்லை. எனினும் அறியாத வருங்காலத்துக்காக அவர் ஒரே வழியை நம்பி இருக்கவில்லை. ஏரி நாட்டில் ஆற்று நீரைத் தேடினார். மழை பொய்த்தால் தானியம் வர இருப்புப் பாதை போட்டார். விளைச்சல் பொய்த்தால் அரசு நிலைக்கத் தங்கத்தையும் மின்சாரத்தையும் வளர்த்தார். ஒன்று விழும்போது அதனோடு சேர்ந்து விழாத மற்றொன்று வேண்டும் என்னும் அறிவு அவர் ஆட்சி முழுவதிலும் தெரிகிறது.

ஆனேக்கல்லுக்குத் திரும்புகிறேன். எங்கள் வீட்டில் என் பாட்டி ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். குழாயில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் ஒரு குடத்தை நிரப்பி மூடி வைத்துவிடுவார். அதை யாரும் தொடக் கூடாது. சிறு வயதில் நான் அதைக் கேலி செய்ததுண்டு. இப்போது கேலி செய்வதில்லை. அந்தக் கோடைக்குப் பின் கூடிய தெருக் கூட்டத்தில் மீண்டும் எழுந்தேன். முதலில் என் பழைய கணக்கின் பிழையைச் சொன்னேன். பிறகு புதிய கணக்கைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் விழும் மழை ஏறக்குறைய 83 ஆயிரம் லிட்டர். அதில் பாதி கைக்குக் கிடைத்தாலும் நாற்பதாயிரம் லிட்டர். மழையும் பொய்க்கக் கூடியதே. பாறையும் அதே மழையால்தான் நிரம்புகிறது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். ஆனால் பாறை நீரை ஊரெல்லாம் உறிஞ்சுகிறது. என் தொட்டி நீரை யாரும் உறிஞ்ச முடியாது. மிஞ்சுவதை வறண்ட கிணற்றுக்குள் விட்டால் பாறைக்கும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

இம்முறை யாரும் உடனே பணம் போடவில்லை. நிறையக் கேள்வி கேட்டார்கள். அது நல்லதுதான். முதல் ஆளாக எங்கள் வீட்டு மாடியில் குழாய் பொருத்தினோம். பிறகு நான்கு வீடுகள் சேர்ந்தன. மூலை வீட்டுப் பெரியவரும் அவர்களுள் ஒருவர்.

அடுத்த முறை நூல்நிலையத்துக்குச் செல்லும்போது அந்தச் சிலைமுன் ஒரு நொடி நில்லுங்கள். வீட்டுக்குச் சென்றதும் உங்கள் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது நின்றால் வேறு எங்கிருந்து வரும், அந்த இரண்டும் ஒரே இடம்தானா என்று கேட்டுப் பாருங்கள். விடை தெரியாவிட்டால், இன்றே ஒரு குடத்தை நிரப்பி மூடி வையுங்கள்.